முடிச்சுப் போட்ட பைக்குள்

(குடியிருப்போர் நலச் சங்கங்கள் சேர்ந்து நடத்திய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குப்பையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். குப்பை பெரிய விஷயம். அதில் ஒரு கைப்பிடி அளவைப் பற்றி மட்டும்தான் நான் பேசப் போகிறேன். ஒரு வீட்டிலிருந்து ஒரு நாளைக்கு வெளியே போகும் குப்பையில் காய்கறித் தோலும், மிச்சம் மீதிச் சோறும், பால் கவரும், அட்டைப் பெட்டியும்தான் பெரும்பங்கு. கேடு செய்யக்கூடியவை எடையில் மிகக் குறைவு. இன்சுலின் போட்ட ஊசி, எரியாமல் போன டியூப் லைட், ரிமோட்டிலிருந்து கழற்றிய பேட்டரி, காலாவதியான மாத்திரை, அடியில் கொஞ்சம் தங்கிய பூச்சிமருந்து பாட்டில், காய்ந்துபோன பெயிண்ட் டப்பா. குறைவாக இருப்பதாலேயே இவற்றை நாம் பொருட்படுத்துவதில்லை. இத்தனை குப்பையில் ஒரு ஊசி என்ன செய்துவிடும் என்று நினைக்கிறோம்.

அந்த ஊசி ஒரு கெட்டியான டப்பாவுக்குள், மேலே பெயர் எழுதி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தால் அதனால் பெரிய ஆபத்தில்லை. சோற்றுக்கும் முருங்கைக்காய்ச் சக்கைக்கும் நடுவில் ஒளிந்திருக்கும்போதுதான் அது ஆளைக் குத்துகிறது. வீட்டுக் குப்பையில் இருக்கும் அபாயத்தில் பெரும்பகுதி பொருளிலிருந்து வருவதில்லை. நாம் கலப்பதாலும் மறைப்பதாலும் வருகிறது. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

எங்கள் தெருவுக்குக் காலையில் பேட்டரி வண்டி வரும். அதில் வரும் தூய்மைப் பணியாளர் அம்மாவை நான் கவனித்திருக்கிறேன். பையை வாங்கியதும் உடனே பிரிக்க மாட்டார். ஒரு கையால் தூக்கி, லேசாகக் குலுக்கி, ஒரு கணம் காது கொடுப்பார். பிறகுதான் பக்கவாட்டில் விரலை விட்டுக் கிழிப்பார். முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்க அவருக்கு நேரம் இல்லை. வரிசையாக அத்தனை வீடுகள் காத்திருக்கின்றன. எதற்காகக் குலுக்குகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். “கண்ணாடி இருந்தா சத்தம் போடும் சார். ஊசி சத்தம் போடாது” என்றார். கையில் ரப்பர் கையுறை போட்டிருந்தார். அந்தக் கையுறை அழுக்கைத் தடுக்கும், ஊசியைத் தடுக்காது.

ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம். மருத்துவமனைகளில் வேலை செய்கிறவர்களை வைத்துப் பார்த்த கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. நோய் உள்ளவரின் ரத்தம் ஒட்டிய ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 1,000க்கு 3 அளவில்தான் இருக்கிறது. தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஹெப்படைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்போ 100க்கு 30 வரை போகிறது. அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். ஈரலைத் தாக்கும் அந்த நோய்க்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. குப்பையைத் தொடும் ஒவ்வொருவருக்கும் அதை முழுத் தவணையும் போட்டாயிற்றா என்று கேட்கும் கடமை, குப்பையைப் போடுகிற நமக்கு உண்டு.

இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் துணை நின்று நடத்திய ஆய்வு 2023இல் சொன்னது. எல்லோரும் இன்சுலின் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் போட்டுக்கொள்கிறவர்களின் ஊசி பெரும்பாலும் வீட்டில்தான் கழற்றப்படுகிறது. மருத்துவமனையில் ஊசிக்கென்று தனி டப்பா, தனி வண்டி, தனிச் சட்டம் எல்லாம் இருக்கிறது. அதே ஊசி வீட்டுக்கு வந்துவிட்டால் கேரி பேக்கில் போகிறது.

செய்ய வேண்டியது சுலபம். துணி துவைக்கும் திரவம் வரும் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், அதை ஊசி துளைத்துவிடும். ஊசி போட்டதும் மூடியைத் திரும்ப மாட்ட முயலாமல், வளைக்காமல், உடைக்காமல், நேரே அதற்குள் போடுங்கள். மூடி மாட்டும்போது நம் விரலிலேயே குத்திவிடலாம். பாட்டில் முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை இறுக்கி, டேப் ஒட்டி, பெரிய எழுத்தில் ‘ஊசி’ என்று எழுதுங்கள். நீங்கள் பார்க்கும் டாக்டரின் கிளினிக்கில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் தூய்மைப் பணியாளரின் கையில், வாயால் சொல்லிக் கொடுங்கள். மக்காத குப்பையோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு விலை உண்டு என்பதால் அதை யாராவது திறப்பார்கள்.

கலப்பதைச் சொன்னேன். மறைப்பது அதைவிட ஆழமான பழக்கம். சானிட்டரி நாப்கின், டயபர், படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்குக் கட்டிய துணி, இவற்றையெல்லாம் கறுப்புப் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் போட்டு, குப்பையின் அடியில் செருகுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகச் செய்கிற வேலை இது. பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதில்லை, உண்மைதான். பார்க்காமலே கை வைப்பவர் இன்னொருவர் இருக்கிறார்.

புனே நகரில் குப்பை சேகரிக்கும் தொழிலாளர்களே சேர்ந்து நடத்தும் ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு அமைப்பு இருக்கிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். நாப்கினைச் செய்தித்தாளில் மடித்துக் கட்டி, மேலே சிவப்பு மையால் ஒரு வட்டப் பொட்டு வையுங்கள், அவ்வளவுதான். பொட்டைப் பார்த்தால் பிரிக்க மாட்டோம், அப்படியே தனியாக எடுத்துப் போய்விடுவோம் என்றார்கள். சிவப்புப் புள்ளி இயக்கம் என்றே அதற்குப் பெயர். எந்த இயந்திரமும் வேண்டாத, எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டாத இந்த யோசனை, கை வைக்கிறவர்களிடமிருந்து வந்தது என்பதால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு உண்டு.

சட்டமும் இருக்கிறது. மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016இல் வந்தபோது, மக்கும் குப்பை, மக்காத குப்பை என்ற இரண்டோடு அபாயகரமான வீட்டுக் கழிவு என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். நான் ஆரம்பத்தில் சொன்ன பெயிண்ட் டப்பா, டியூப் லைட், ஊசி, மாத்திரை, பேட்டரி, இவற்றோடு உடைந்த தெர்மாமீட்டர் எல்லாம் அந்த விளக்கத்தில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டவை. இவற்றைப் பெற்றுக்கொள்ள ஒவ்வொரு 20 சதுர கிலோமீட்டருக்கும் ஒரு மையத்தை உள்ளாட்சி அமைப்பு நிறுவ வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்லின. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. நாப்கினும் டயபரும் தனி. பெயிண்ட் டப்பா, பல்பு, மருந்து போன்றவை ‘சிறப்புக் கவனம் வேண்டிய கழிவு’ என்று தனி. இங்கே கூடியிருப்பவர்களில், அபாயக் கழிவைப் பெற்றுக்கொள்ளும் அந்த மையம் ஒன்றைக் கண்ணால் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்கலாமா? கேட்காமலே விடை தெரிகிறது. அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

தெர்மாமீட்டரில் இருக்கும் பாதரசத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கே இருக்கும் நடுத்தர வயதுக்காரர்களில் பலர் சின்ன வயதில் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடியிருப்பார்கள். பார்க்க அவ்வளவு அழகு. சிதறும், திரும்பச் சேரும். ஆனால் அது சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்பதும், அந்த ஆவிக்கு நிறமோ வாசனையோ கிடையாது என்பதும் அப்போது நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூச்சோடு உள்ளே போகும் பாதரசம் நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் தரையில் தவழும் குழந்தைக்கும்தான் கேடு அதிகம்.

கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2001 மார்ச்சில், அந்த ஊரின் மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள ஒரு பழைய பொருள் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி டன் கணக்கில் குவிந்து கிடந்ததை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளியே கொண்டுவந்தார்கள். ஜன நடமாட்டமுள்ள கடைவீதி அது. அந்த மாதமே ஆலை நின்றது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொள்ள 2016 ஆயிற்று. இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது அந்தப் பழைய பொருள் கடைதான். அங்கே வந்து சேர்ந்தபோது அது வெறும் உடைந்த கண்ணாடி. மூட்டை தூக்கியவருக்கும் எடை போட்டவருக்கும் அதில் என்ன இருக்கிறது என்று யார் சொன்னார்கள்?

வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஒரு பழைய தெர்மாமீட்டரில் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை பாதரசம் இருக்கும். ஒரு சி.எப்.எல். பல்பில் இருப்பது பெரும்பாலும் 5 மில்லிகிராமுக்குள். அதாவது ஒரு தெர்மாமீட்டர் குறைந்தது 100 பல்புக்குச் சமம். அதனால் பல்பு உடைந்தால் பதற வேண்டாம், தெர்மாமீட்டர் உடைந்தால் அலட்சியம் வேண்டாம்.

தெர்மாமீட்டர் உடைந்துவிட்டால், முதலில் குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள். ஃபேனை அணைத்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள். கையில் கிடக்கும் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள், தங்கத்தோடு பாதரசம் சட்டென்று கலந்துவிடும். துடைப்பத்தைத் தொடாதீர்கள். துடைப்பம் ஒரு உருண்டையை நூறாக்கும், அத்தனையும் ஆவியாகும். கெட்டியான அட்டை இரண்டை எடுத்து, உருண்டைகளை மெதுவாகத் தள்ளி ஒன்று சேர்த்து, ஒரு பாட்டிலில் ஏந்திக்கொள்ளுங்கள். டைல்ஸ் இடுக்கில் மின்னும் துளிகளை அகலமான டேப்பால் ஒற்றி எடுங்கள். டேப், அட்டை, கண்ணாடித் துண்டு எல்லாவற்றையும் அதே பாட்டிலில் போட்டு மூடி, ‘பாதரசம்’ என்று எழுதி, ஆள் புழங்காத இடத்தில் வையுங்கள். வாஷ் பேசினில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். தண்ணீரைப்போல் 13 மடங்குக்கு மேல் கனமான பொருள் அது. குழாய் வளைவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

டியூப் லைட்டுக்கு இவ்வளவு வேண்டாம். புது லைட் வந்த அட்டைக் கூட்டிலேயே பழையதைச் செருகி, முழுசாகக் கொடுங்கள். தொட்டியில் நிற்கவில்லை என்பதற்காக அதை இரண்டாக உடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதரசம் கலந்த விளக்குகளும் மின்னணுக் கழிவு விதிகளின்கீழ் வருகின்றன என்பதால், அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு மையங்களுக்கு அவற்றை அனுப்ப வழி இருக்கிறது.

பூச்சிமருந்து டப்பாவைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்ததைத் தடயவியல் ஆய்வு கண்டுபிடித்தது. பூச்சிமருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருக்கலாம் என்று விசாரித்தவர்கள் அப்போது கருதினார்கள். நம் வீடுகளிலும் நல்ல டப்பாவை வீசுவதற்கு மனசு வராது. கழுவினால் போயிற்று என்று மண்ணெண்ணெய்க்கும் தண்ணீருக்கும் வைத்துக்கொள்வோம். கரையான் மருந்து, எலி மருந்து, செடிக்கு அடிக்கும் மருந்து, எது இருந்த டப்பாவானாலும் அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். வெளியே போடும்போது, யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி ஆணியால் நாலைந்து ஓட்டை போட்டுவிடுங்கள். மூக்கை எட்ட வைத்துக்கொண்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். கொசு ஸ்பிரே டப்பாவுக்கு இந்த வேலை கூடாது. அதில் அழுத்தமும் எரியும் வாயுவும் இருக்கும்.

ஆசிட் பாட்டிலும் பிளீச்சிங் பவுடர் பொட்டலமும் ஒரே பையில் போகக் கூடாது. மிச்சம் இருக்கும் கொஞ்சமே ஒன்றோடொன்று சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பையை ஒருவர் முகத்துக்கு நேரே கிழிப்பதை நினைத்துப் பாருங்கள்.

பேட்டரியில் இரண்டு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கார் பேட்டரிக்கும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் நல்ல விலை கிடைப்பதால் அவை குப்பைக்கு வருவதில்லை. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுங்கள். செல்போன், பவர் பேங்க், விளையாட்டுச் சாமான்களில் வரும் லித்தியம் பேட்டரிதான் இப்போது தலைவலி. குப்பை லாரியில் அழுத்தித் திணிக்கும்போது அது நசுங்கினால், உள்ளுக்குள் மின்சாரம் குறுக்கே பாய்ந்து, சூடேறி, தானே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றி அணைத்த மாதிரி இருந்து மறுபடியும் எரியும். உங்கள் பவர் பேங்கைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் வைத்த ஒரு குப்பைத்தொட்டிப் படமும் அதன் குறுக்கே ஒரு பெருக்கல் குறியும் இருக்கும். இதைத் தொட்டியில் போடாதே என்று பொருள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் இதைத் தனியாகக் கொடுக்கும் பொறுப்பை நம்மிடமும், திரும்ப வாங்கும் பொறுப்பைத் தயாரிப்பாளரிடமும் வைத்திருக்கின்றன. இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். வயிறு ஊதிப்போன பேட்டரியைக் குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். உலர்ந்த மணல் போட்ட தகர டப்பாவில், வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

இரண்டாவது வகை, காசு மாதிரி இருக்கும் பட்டன் பேட்டரி. தீர்ந்துபோனது என்று கழற்றி மேசைமேல் வைக்கிறோம். கடிகாரத்தை ஓட்டத்தான் அதில் வலு இல்லை. ஒரு குழந்தை விழுங்கினால், உணவுக் குழாயைப் புண்ணாக்க அதில் மிச்சம் இருப்பது போதும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஏற்படலாம். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, மலத்தில் வந்துவிடும் என்று காத்திராமல், வாந்தி எடுக்க வைக்காமல், உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மருந்து விஷயத்தில் நம் அண்டை மாநிலம் ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கியிருக்கிறது. 2025இல் கேரள அரசு, வீட்டில் மீந்த மருந்துகளைத் திரும்பப் பெறும் திட்டத்தைக் கோழிக்கோட்டில் ஆரம்பித்தது. இங்கே அப்படி ஒன்று வரும்வரை, சாக்கடையில் கொட்டவேண்டாம். ஆன்டிபயாட்டிக் மருந்து தண்ணீரில் கலக்கக் கலக்க, அதற்கு அடங்காத கிருமிகள் வளரும். ஒரு மருந்து அது போகக்கூடாத இடத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பாறு கழுகுகளே சாட்சி. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, இந்தியா முழுவதும் அவற்றைக் கிட்டத்தட்ட அழித்தது. 2006இல்தான் மாட்டுக்கு அதைப் போடுவதற்குத் தடை வந்தது. போதை தரக்கூடிய கடுமையான வலி மருந்துகள் உட்பட 17 மருந்துகளை மட்டும், வேறு யார் கையிலும் சிக்கக்கூடாது என்பதால் கழிப்பறையில் கொட்டலாம் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் சொல்லியிருக்கிறது. புற்றுநோய் வலிக்கு மருந்து எடுத்தவர் வீட்டில் இருந்தால் மருந்தாளுநரிடம் கேட்டுச் செய்யுங்கள். மற்ற மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, டீத்தூள் சக்கையோடு பிசைந்து, இறுக்கிக் கட்டி, அபாயக் கழிவோடு கொடுங்கள். முழு அட்டையாகப் போட்டால் தேதியைப் பார்க்கத் தெரியாத ஒருவர் எடுத்து விழுங்கக்கூடும்.

போகியன்று எரிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பாயையும் துடைப்பத்தையும் எரித்த காலம் வேறு. இப்போது அந்தத் தீயில் ஒயர், டயர், ஸ்பிரே டப்பா, பேட்டரி எல்லாம் விழுகின்றன. எரித்தால் அபாயம் ஒழியாது, காற்றில் ஏறி எல்லோர் வீட்டுக்கும் போகும். தீபாவளிக்கு மறுநாள் காலையில் கூட்டித் தள்ளும் குப்பையில் வெடிக்காத பட்டாசு கிடக்கும். அதை ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்த பிறகு போடுங்கள்.

இனி, நாம் கேட்க வேண்டியது. வீட்டில் எவ்வளவு ஒழுங்காகப் பிரித்தாலும், வண்டியில் நாலும் ஒன்றாகக் கொட்டப்பட்டால் என்ன பயன் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு. 2016இலேயே சட்டம் சொன்ன சேகரிப்பு மையம் நம் பகுதியில் எங்கே இருக்கிறது, எந்தக் கிழமை திறந்திருக்கும், அங்கே சேர்ந்ததை யார் எங்கே கொண்டுபோகிறார்கள், தூய்மைப் பணியாளர்களுக்கு ஊசி துளைக்காத கையுறை எப்போது வரும், ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறது. பகுதி சபைக் கூட்டத்தில் இந்த ஐந்தையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்ல வேண்டும், அவர்கள்தான் பெரும்பாலும் விட்டுப்போகிறவர்கள்.

மனுவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. வீட்டு எண்ணோடு கையெழுத்துப் போடுங்கள். அதே மேசையில் சிவப்பு மார்க்கர் பேனாக்களும் வைத்திருக்கிறோம், வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போகலாம்.